தேய்த்த வெள்ளி

ரூலோஃபைப் புதைத்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் லுப்பெர்ட் வாய் நிறையக் கேக்கோடு ரூலோஃபின் மனைவியிடம் போய் நின்றுவிட்டார்.

கல்லறைத் தோட்டத்துக் கூடத்தில் எல்லாருக்கும் காபியும் வெண்ணெய்க் கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு என்பது காம்பென் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். லுப்பெர்ட் மூன்றாவது துண்டில் இருந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த வாய் அது.

"ஃபெம்மி, என் கூடப்பொறந்த அண்ணன் போன மாதிரி இருக்கும்மா," என்றார் லுப்பெர்ட். "ஆமா, வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க? மாடியில அலமாரி நிறைய வெள்ளிக் காசு இருக்குன்னு ஊருக்கே தெரியுமே."

பேச்சோடு பேச்சாக ஒரு கேக் துணுக்கு பறந்து போய் ஃபெம்மியின் கறுப்புச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் தட்டிவிடவில்லை. தட்டிவிட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்திருப்பாள், அப்படிப்பட்ட பெண் அவள்.

இரண்டடி தள்ளி வோல்டர் கானிஸ் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கையிலிருந்த கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த ஓநாய் அழுகிற சிரமம்கூடப் படவில்லை, மென்றுகொண்டே கேட்கிறது!

வோல்டர் சந்தையில் மீன் கடை போட்டிருப்பவர். புகையில் வாட்டிய விலாங்கும் உப்பு ஹெரிங்கும் விற்று நாற்பது வருஷம் ஓட்டியவர். பழைய காசு சேர்ப்பவர்கள் கூடும் ஊர் நாணயக் கழகத்தில் அவருக்குப் பெயரே மீன்காரர்தான். "மீன்காரரே, கையைக் கழுவிட்டீங்களா? காசு நாறிடப் போகுது," என்று மாதக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்கிறவர்கள் யார் என்று பார்த்தால், வறுத்த இறைச்சி உருண்டையைக் கடுகுச் சாந்தில் முக்கித் தின்றுவிட்டு, அதே விரலால் நானூறு வருஷத்து வெள்ளியைத் தடவுகிற கூட்டம். வோல்டரோ எலுமிச்சை தேய்த்து மூன்று தடவை கை கழுவாமல் ஒரு காசைத் தொட்டதில்லை.

கழகத்தில் ஒரு பழைய விதி உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் அவர் சேர்த்த காசுகளை மதிப்பிட மூன்று பேர் சேர்ந்துதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மூவரும் ஒரே வாயாக ஒரு விலை சொன்னால் அந்த விலைக்குக் கழகத்துக்காரர்களே எடுத்துக்கொள்ளலாம். மூவரில் ஒருவர் 'இல்லை' என்றால்கூடப் போதும், அந்தக் காசு நேரே ஏலத்துக்குப் போய்விடும். வீட்டுக்காரர்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்த விதி.

"நானும் பல் டாக்டர் திமனும் சனிக்கிழமை வர்றோம்," என்றார் லுப்பெர்ட். "மூணாவதா யாரையாவது பாத்துக்கலாம்."

"மூணாவது வோல்டர்," என்றாள் ஃபெம்மி.

"மீன்காரரா? அவருக்குச் சனிக்கிழமை சந்தை இருக்குமே."

"சந்தை இல்லாத நாளா வாங்க," என்றாள். பிறகு வோல்டரைப் பார்த்து, "நீ வருவதானே?" என்று கேட்டாள். இருவரும் சின்ன வயதில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவளுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து ஒரு வருஷமாகிறது. மாடிப்படி ஏற முடியாமல் கீழே கூடத்துச் சோபாவில்தான் படுத்துக்கொள்கிறாள். இந்தக் காசுகள் நல்ல விலைக்குப் போனால் படிக்கட்டில் நாற்காலி லிஃப்ட் ஒன்றை மாட்டிவிட்டு, தன் கட்டிலில் போய்ப் படுக்கலாம் என்பதுதான் அவளுடைய ஒரே கணக்கு.

"வர்றேன்," என்றார் வோல்டர்.

செவ்வாய்க்கிழமை காலை திமன் தன் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஃபெம்மியின் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு இஞ்சினை அணைத்தார்.

"ஏன் இங்க நிக்குது?" என்றார் வோல்டர்.

"ஒரு வார்த்தை பேசிட்டுப் போகலாம்," என்று முன் சீட்டிலிருந்து திரும்பினார் லுப்பெர்ட். "உள்ளே போய் ஆளுக்கொண்ணு பேசக் கூடாது பாருங்க. நான் எதை எடுத்தாலும் 'தேய்ச்சது'ன்னு சொல்வேன். நீங்க ரெண்டு பேரும் தலையாட்டினா போதும்."

காசு சேர்ப்பவர்களுக்கு இதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. பழைய வெள்ளியின் மேல் ஏறியிருக்கிற கறுப்புதான் அதன் தோல். பளபளவென்று இருக்கட்டுமே என்று எவளாவது, எவனாவது பொடி போட்டுத் தேய்த்துவிட்டால் தோலை உரித்த மாதிரிதான். அப்புறம் அதை எடைக்குத்தான் எடுப்பார்கள். வீட்டுப் பெண்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கணவன் எந்தக் காலத்திலோ தேய்த்திருப்பார் போலிருக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

"ரூலோஃப் ஒரு காசைத் தேய்ச்சிருப்பாரா? அந்த மனுஷன் காசு பக்கத்துல சத்தமாத் தும்மக்கூட மாட்டாரு!" என்றார் வோல்டர்.

"செத்தவர் வந்து சாட்சி சொல்லப் போறாரா?"

"த்தூ! நீங்கெல்லாம் மனுஷங்களா? மண்ணு காயலய்யா இன்னும்."

"கோபப்படாதப்பா," என்றார் திமன், கண்ணாடியைத் துடைத்தபடி. "எல்லா வீட்லயும் இப்படித்தான் நடக்குது. போன வருஷம் ஹார்ம் வீட்ல எப்படி நடந்துச்சுன்னு நினைச்ச?"

வோல்டருக்கு அது தெரியாது. ஹார்மின் மகள் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு இவர்களுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதியதும், அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் லுப்பெர்ட் குரல் தழுதழுக்கப் படித்ததும் நினைவுக்கு வந்தன. அன்று வோல்டரும் கைதட்டியிருந்தார். அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நான் இல்லைன்னு சொல்வேன்," என்றார். "ஒவ்வொண்ணுக்கும் சொல்வேன். விதி இருக்கு."

லுப்பெர்ட் சிரித்தார். "சொல்லுங்களேன், யார் வேணாம்னா?"

சமையலறை மேசையில் ஃபெம்மி பச்சைக் கம்பளித் துணி விரித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பையன்கள் மாடியிலிருந்து தட்டுகளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏழு தட்டுகள், ஒவ்வொன்றிலும் குழி குழியாக வெள்ளி. ஒல்லாந்து, சேலாந்து, உத்ரெக்ட், ஃப்ரீஸ்லாந்து என்று மாகாணம் மாகாணமாக அடுக்கி, ஒவ்வொரு காசுக்கு அடியிலும் ஒரு சின்னச் சீட்டு வைத்திருந்தார் ரூலோஃப். எங்கே வாங்கினது, யாரிடம் வாங்கினது, எப்படிப்பட்ட காசு என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும்.

லுப்பெர்ட் செய்த முதல் காரியம், அந்தச் சீட்டுகளையெல்லாம் பொறுக்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதுதான். "இதெல்லாம் குழப்பும்," என்றார். நாற்பது வருஷத்து எழுத்து ஒரு நிமிஷத்தில் கைக்குட்டையோடும் இருமல் மிட்டாயோடும் போய்ச் சேர்ந்தது.

பிறகு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். திமன் நேற்று எவர் வாய்க்குள்ளோ பார்த்த அதே பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டார். லுப்பெர்ட்டின் பழக்கம் இன்னும் கேவலமானது. ஒரு காசின் கறுப்பு உண்மையானதா என்று பார்க்க, கட்டை விரலை மூக்கோரத்தில் நன்றாகத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காசின் மேல் தடவிப் பார்ப்பார். தடவிவிட்டு விரலை நக்கிக்கொள்வார். அடுத்த காசுக்கு மறுபடியும் மூக்கு. சீ! வோல்டர் மீன் குடலில் கைவிட்டுப் பிழைப்பவர்தான். ஆனாலும் அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தேய்ச்சது," என்றார் லுப்பெர்ட்.

"ஆமா, தேய்ச்சது," என்றார் திமன்.

"இல்லை," என்றார் வோல்டர்.

ஃபெம்மி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் காசு மேசையின் இடது ஓரத்துக்கு, ஏலத்துக்கான பக்கத்துக்குப் போனது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. முதல் தட்டு முடியும்போது பதினோரு காசுகள் இடது ஓரத்தில் இருந்தன. லுப்பெர்ட்டின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. வோல்டருக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். நாறுகிற கை யாருடையது என்று இப்போது தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"காபி போடட்டுமா?" என்று ஃபெம்மி எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல அடுப்புப் பக்கம் நடந்தாள். பாலைத் தேடிப் பின்கட்டுக்கும் போனாள்.

அவள் தலை மறைந்ததும் லுப்பெர்ட் கடைசித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஓரக் குழியில் துணி மடித்து வைத்திருந்த ஒரு காசை எடுத்தார். பார்த்தவர் மூச்சை இழுத்துக்கொண்டார். அப்புறம் ஒன்றும் பேசாமல், உள்ளங்கையால் மூடி, மேசையின் மேல் தேய்த்துக்கொண்டே வந்து வோல்டர் முன்னால் கையைத் தூக்கினார்.

அது காசு அடிக்கும் காம்பென் அக்கசாலையில் செய்த சிங்கத் தாலர் என்ற பழைய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம், மறுபக்கம் கவசம் அணிந்த வீரன். சிங்கத் தாலர் ஒன்றும் அபூர்வமில்லை, கழகத்தில் ஆளுக்கு நாலைந்து வைத்திருப்பார்கள். ஆனால் அக்கசாலைக்காரர்கள் அவசரக் குடுக்கைகள். கப்பலேறிக் கண்காணாத தேசத்துக்குப் போகிற காசுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நோகாமல் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவார்கள். அதனால் வீரனுக்கு முகமே விழாது. தோள் இருக்கும், கேடயம் இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருக்கும்.

தன் ஊரில் அடித்த தாலர் ஒன்றில் அந்த வீரனின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வோல்டர் இருபத்திரண்டு வருஷமாக அலைகிறார். எந்தச் சந்தையையும் ஏலத்தையும் விட்டதில்லை. மனைவி உயிரோடு இருந்தவரை, "எனக்கு அந்த வீரன்தான் சக்களத்தி," என்பாள்.

இந்த வீரனுக்கு முகம் இருந்தது. நீள மூக்கு, முறுக்கிய மீசை, கொஞ்சம் தூக்கச் சடைவு தெரியும் கண். காலையில் படகுத் துறையில் பார்க்கிற எவனோ ஒருவனைப் போல. மேலே நீலமும் கருப்புமாகத் தொடாத தோல். வோல்டர் காசில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். ரூலோஃபா இதை வைத்திருந்தார்? இத்தனை வருஷம் வாரா வாரம் தன் கடையில் விலாங்கு வாங்கித் தின்றுகொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"இது உங்களுக்கு," என்று கிசுகிசுத்தார் லுப்பெர்ட். "நூறு யூரோ போட்டு எடுத்துக்கோங்க. யாரும் கேட்க மாட்டோம்."

"ஏலத்துக்குப் போனா உன்னால தொடக்கூட முடியாது," என்றார் திமன். "அமெரிக்காக்காரன் போன்லயே அடிச்சிட்டுப் போயிடுவான். யோசிச்சுக்கோ. ஒரே ஒரு வார்த்தைதான்."

லுப்பெர்ட்டின் கட்டை விரல் காசின் விளிம்பில்தான் இன்னும் இருந்தது, மூக்கு எண்ணெய் மினுங்க. தட்டிவிட வேண்டும் என்று வோல்டருக்குத் தோன்றியது. அந்த விரலைத்தான், காசை இல்லை.

ஃபெம்மி காபித் தட்டோடு வந்தாள். ஆளுக்கொரு பிஸ்கட் எண்ணி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வோல்டர் முன்னால் இருந்த காசைப் பார்த்தாள்.

"இது அவர் அடிக்கடி எடுத்துப் பார்க்குறது," என்றாள். "இது எப்படி வோல்டர்?"

வோல்டர் வாயைத் திறந்தார். 

"தேய்ச்சிருக்கு," என்றார்.

"அப்படியா?"

"ஆமா. எப்பவோ எவனோ தேய்ச்சிருக்கான்."

"தேய்ச்சது," என்றார் லுப்பெர்ட், பரிதாபமாகத் தலையை ஆட்டி. "தேய்ச்சது," என்றார் திமன்.

அதற்கப்புறம் ஆறு தட்டுகள் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லுப்பெர்ட் சொல்ல, திமன் சொல்ல, வோல்டர் தலையாட்டினார். ஒரு தடவை ஆடத் தொடங்கிய தலை, பிறகு கழுத்தில் சுளுக்குக்கூட இல்லாமல் ஆடியது. இடையில் லுப்பெர்ட் இடது ஓரத்துப் பதினோரு காசுகளைக் காட்டி, "மீன்காரரே, இதையும் ஒருவாட்டி வெளிச்சத்துல பாத்துடுங்களேன்," என்றார். வோல்டர் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். அது உத்ரெக்ட் காசு, அப்பழுக்கில்லாதது.

"முன்னாடி வெளிச்சம் பத்தல," என்றார். "இதுவும் தேய்ச்சதுதான்."

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவருக்கே அருவருப்பாக இருந்தது. நடுங்கியிருக்கலாம், இருமலாவது வந்திருக்கலாம். கடையில் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று அவர் ஒருநாளும் விற்றதில்லை. விற்றால் இப்படித்தான் குரல் வரும் போலிருக்கிறது.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஆயிரத்தி எண்ணூறு," என்றார் லுப்பெர்ட். "ரூலோஃப் முகத்துக்காகத்தான் இவ்வளவு. வெளியில போனா இதுல பாதி கிடைக்காது."

அந்தப் பணத்துக்கு நாற்காலி லிஃப்ட் வராது, அதன் தண்டவாளம்கூட வராது. ஃபெம்மி படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அழவில்லை, பேரம் பேசவில்லை.

"வோல்டரும் சொல்லிட்டா சரிதான்," என்றாள். "அப்ப இதைப் பிரிச்சிடலாம்."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்தாள். "ஆஸ்பத்திரியில எழுதினாரு. மூணு பேரும் வந்து சொல்லி முடிச்சப்புறம், அவங்க முன்னாலயே பிரிச்சுப் படின்னு சொன்னாரு. நன்றி சொல்லியிருப்பாருன்னு நினைக்கிறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"'ஃபெம்மி, கடைசித் தட்டு ஓரத்துல ஒரு சிங்கத் தாலர் இருக்கு. நம்ம வீட்ல இருக்குறதுலயே ஒசந்தது அதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி உத்ரெக்ட் சந்தையில, வோல்டர் வறுத்த மீன் வாங்கப் போன நேரத்துல, அவனுக்கு முன்னாடி நான் எடுத்துட்டேன். அவன் எதுக்காக அலையுறான்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். அப்புறம் அவன்கிட்ட காட்ட எனக்கு முகமில்ல. அதைத் தேய்ச்சதுன்னு லுப்பெர்ட் சொல்லுவான், எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவான். வோல்டர் ஒருத்தன்தான் வாயில எச்சி ஊறினாலும் உள்ளதைச் சொல்லுவான். அவன் உள்ளதைச் சொன்னதும் அந்தத் தாலரை அவனுக்கே, காசு வாங்காம...'"

படித்துக்கொண்டே வந்த குரல் நின்றுவிட்டது. ஃபெம்மி கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தாள். 

"மாத்திரை மயக்கத்துல எழுதியிருப்பாரு பாவம்," என்றார் லுப்பெர்ட். "கடைசி நாள்ல இப்படித்தான் சந்தேகம் வரும்."

"ரெண்டு பேரும் எழுந்திருங்க," என்றாள் ஃபெம்மி.

"ஃபெம்மி, நாங்க என்ன சொல்ல வர்றோம்னா…"

"அந்தச் சீட்டுகளை மேசையில வெச்சிட்டுப் போங்க. எல்லாம் ஏலத்துக்குப் போகுது."

லுப்பெர்ட் கோட்டுப் பையைக் கவிழ்த்தார். சீட்டுகளோடு இரண்டு இருமல் மிட்டாய்களும் விழுந்தன. மிட்டாய்களை மட்டும் திரும்பப் பொறுக்கிக்கொண்டார். போகிற போக்கில் தட்டில் மிச்சமிருந்த வோல்டரின் பிஸ்கட்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வோல்டர் எழுந்திருக்கவில்லை.  காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, ஆனால் யார் மேல் துப்புவது? அந்த ஆளின் மூக்கு விரலையாவது கழுவிவிடலாம். தன் வாயில் வந்த அந்த வார்த்தையை எந்த எலுமிச்சை போட்டுத் தேய்ப்பது?

"ஃபெம்மி, நான்..."

"ஒண்ணும் சொல்லாத." அவள் தாளை நாலாக மடித்து உறைக்குள் வைத்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். அவளுக்கு இப்போது தாங்க முடியாத அலுப்புதான் வந்திருந்தது. ஒரு விரலால் தாலரைத் தள்ளி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "எடுத்துக்கோ."

"அவர் எழுதினது அப்படி இல்லையே. உள்ளதைச் சொன்னாத்தான்னு..."

"எழுதினது எனக்குத் தெரியும், நான்தானே படிச்சேன். இது இந்த வீட்ல இருக்க வேணாம். எடு."

ஜன்னல் வெளிச்சத்தில் வீரனின் மூக்கும் மீசையும் துல்லியமாகத் தெரிந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும், இந்த ஒரு வார்த்தையையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று வோல்டர் மனசுக்குள் அதைத் திரட்டிக்கொண்டிருந்தார். திரட்டி முடித்துக் குனிந்து பார்த்தபோது மேசையில் காசு இல்லை. அது அவருடைய கைக்குள் இருந்தது. வீரன் மேல் விரல் படாதபடி, பழகிய கை, விளிம்பைப் பக்குவமாகப் பிடித்திருந்தது.

ஃபெம்மி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்திக்க ஏதாவது துணி தரட்டுமா?" என்று கேட்டாள்.

"கொடு," என்றார் வோல்டர்.